பெயரோடு ஒட்டிய ஊர்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டால் எங்கிருந்து தொடங்குவீர்கள்? பிறந்த ஊரிலிருந்தா, நிக்காஹ் நடந்த நாளிலிருந்தா, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறிய நாளிலிருந்தா? கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது என்பீர்கள். உண்மைதான். அந்தச் சிறிய பதிலுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது 2011 இல் வட்டக்கச்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளையும் ஊர் வட்டக்கச்சி. வாப்பா அங்கே ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். உம்மா வீட்டில் தையல் தைத்தார். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. ஏறக்குறைய 75,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு, நாங்களும் அப்படித்தான். கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்த அந்தக் காலத்தைப் பற்றி இந்தப் பக்கங்களை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

யுத்தம் முடிந்து இரண்டு வருடங்களின் பின் உம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரி உயிரோடு இருந்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு உட்கார்ந்து, தத்தம் கதையைச் சொன்னார்கள். "தொண்ணூறாம் ஆண்டு வெளிக்கிட்டது. முதல் வவுனியா, பிறகு புத்தளம். மூன்று முகாம். அவர் மௌத்தானது ரெண்டாயிரத்தில" என்றார் உம்மா. "ரெண்டாயிரத்து ஒன்பது தையில வெளிக்கிட்டது. தருமபுரம், விசுவமடு, மாத்தளன். பிறகு செட்டிக்குளம் முகாம்" என்றார் அவர். ஆண்டு, இடம், இழப்பு; ஆண்டு, இடம், இழப்பு. பதினைந்து வருடம் ஒரே வேலியின் இரு பக்கமும் வாழ்ந்த இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் படிவம் நிரப்பிக் கொடுப்பதைப் போல இருந்தது எனக்கு.

ஏன் அப்படிச் சொன்னார்கள்? இருபது வருடமாக உம்மாவின் கதையைக் கேட்டவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். கிராம உத்தியோகத்தர் கேட்டார். நிவாரண அட்டைக்காகக் கேட்டார்கள். வீட்டுத் திட்டத்துக்கு, நட்டஈட்டுக்கு என்று விண்ணப்பம் போடும்போதெல்லாம் கேட்டார்கள். 2010 இல் அரசாங்கம் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவை நியமித்தது. அதன் முன்பும் வடக்கு முஸ்லிம்கள் சாட்சியம் சொன்னார்கள். வெளியேற்றத்தை விசாரிப்பதற்கென்றே ஒரு மக்கள் ஆணைக்குழு தனியாக இயங்கி, 2011 இல் அறிக்கை வெளியிட்டது. இவற்றையெல்லாம் நான் குறைவாகப் பேசவில்லை. சாட்சியம் இல்லாவிட்டால் 75,000 என்பது வெறும் எண்ணாகவே நின்றிருக்கும். ஆனால் மனுவுக்கு என்று ஒரு மொழி உண்டு. 'உமக்கு என்ன நடந்தது?' என்று அது கேட்கும். 'நீர் என்ன செய்தீர்?' என்று கேட்காது. எதை இழந்தீர் என்பதற்குக் கட்டம் இருக்கும். எதைச் சமைத்தீர், யாருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தீர் என்பதற்குக் கட்டம் இருக்காது. ஒரே மொழியில் இருபது வருடம் தன்னைச் சொல்லி வந்தவர், ஒரு நாள் தன்னை அந்த மொழியிலேயே நினைக்கவும் தொடங்கிவிடுகிறார்.

என் மூத்த மகள் புத்தளத்தில் பிறந்தவள். ஒரு நாள் ஏதோ ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "வாப்பா, சொந்த ஊர் என்று என்ன போடுறது?" என்று கேட்டாள். மானிடவியலாளர் ஷாரிகா திராணகம 2011 இல் வெளியிட்ட நூலில், புத்தளத்தில் வாழும் வடக்கு முஸ்லிம்களிடம் 'ஊர்' என்ற சொல் பெற்றோருக்கு ஒன்றாகவும் பிள்ளைகளுக்கு வேறொன்றாகவும் இருப்பதை எழுதியிருக்கிறார். அதே கேள்வி எங்கள் மேசைக்கும் வந்துவிட்டது. பாடசாலையில் இவள் சுயசரிதைக் கட்டுரை எழுதுகிறாள். யாருடைய சுயசரிதை? கிழிந்த குடையின் சுயசரிதை, பழைய பேருந்தின் சுயசரிதை! குடை தன் கதையைச் சொல்ல இரண்டு பக்கம் கொடுக்கிறோம். உம்மும்மாவுக்கு ஒரு பக்கம் கொடுக்கவில்லை. நானும் ஆசிரியன்தான். நானும் அந்தக் குடைக்கு எத்தனையோ முறை புள்ளி போட்டிருக்கிறேன்.

மகளுக்குப் பதில் சொல்ல அரபுக் கல்லூரியில் படித்தது கைகொடுத்தது. அரபிகளிடம் 'நிஸ்பா' என்று ஒன்று உண்டு. ஒருவரின் பெயரோடு அவருடைய குலத்தையோ ஊரையோ தொழிலையோ ஒட்டிவிடுவது. இமாம் புகாரி (ரஹ்) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிஜ்ரி 194 இல் புகாராவில் பிறந்தார்கள். தந்தை சிறுவயதிலேயே இறந்துவிட, தாயார்தான் வளர்த்தார். ஹஜ்ஜுக்கும் அழைத்துச் சென்றார். ஊர் ஊராக அலைந்து ஹதீஸ் திரட்டி, கடைசியில் புகாராவுக்குத் திரும்பினார்கள். ஆனால் அங்கிருந்த ஆளுநரோடு ஏற்பட்ட பிணக்கினால் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஹிஜ்ரி 256 இல் வபாத்தானது சமர்கந்துக்கு அருகே கர்தங்க் என்ற சிற்றூரில். கப்றும் அங்கேதான். ஊர் அவரை வெளியேற்றியது. ஆனால் அவருடைய பெயரிலிருந்து ஊரை வெளியேற்ற எந்த ஆளுநராலும் முடியவில்லை. உலகம் இன்றும் அவரைப் புகாரி என்றே அழைக்கிறது. இதைச் சொன்னதும் மகள் படிவத்தில் பேனையை வைத்தாள். என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

வாழ்க்கை வரலாற்றுக்கு என்று நம்மவர்கள் தனி வடிவங்களையே வளர்த்தார்கள். ஹிஜ்ரி 230 இல் பக்தாதில் மறைந்த இப்னு ஸஅத் (ரஹ்) எழுதிய 'தபகாத்'தின் கடைசிப் பாகம் முழுவதும் பெண்களைப் பற்றியது. இன்னாரின் மகள், தாய் யார், யாரை மணந்தார், எப்போது இஸ்லாத்தை ஏற்றார், யாரிடம் கேட்டார், யாருக்கு அறிவித்தார். சிலருக்கு நாலைந்து வரிதான். ஆனால் அந்த வரிகள் அவருடைய பெயரில் தொடங்குகின்றன, கணவரின் பெயரில் அல்ல.

தமிழிலும் அப்படித்தான். உமறுப் புலவர் நபிகளாரின் (ஸல்) வரலாற்றைச் சொல்ல வந்தபோது தமிழ்க் காப்பியத்தின் வடிவத்தையே எடுத்தார். நாட்டு வளம் பாடினார்; மழையும் ஆறும் வயலும் அரபு நாட்டுக்குள் வந்தன. பாலைவனத்தில் ஏது வயல் என்று சிரிப்பவர்கள் உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம் என்பவன் யார் என்பதற்கு அந்த வயலே பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்டியில் சட்டத்தரணியாக இருந்த சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, 1885 இல் 'அஸன்பே சரித்திரம்' எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று அதைச் சொல்வார்கள். சிறுவயதில் பெற்றோரிடமிருந்து கடத்தப்பட்டு, தூர தேசத்தில் வளர்ந்த ஒருவன், தன் பிறப்பை அறிந்துகொள்ளும் கதை அது. இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் யார் என்று பொன்னம்பலம் இராமநாதன் கட்டுரை வாசித்தது 1888 இல். அதை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் நூல் வெளியிட்டது 1907 இல். வாதம் செய்யக் கட்டுரை உதவியது. ஆனால் 'நான் யார்' என்று ஒருவன் தேடிப் போவதை நாவல்தான் காட்ட முடிந்தது.

வட்டக்கச்சி விறாந்தைக்கு வருகிறேன். தேநீர் வந்தது. அந்தச் சகோதரி பலகாரத் தட்டை வைத்துவிட்டு, "அக்கா, நீங்கள் சொல்லித் தந்த வட்டிலப்பம் எனக்கு இண்டைக்கும் சரிவரேல்லை" என்றார். அவ்வளவுதான். உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். தேங்காய்ப்பாலில் எங்கே பிழை விட்டிருப்பாய் என்று விசாரித்தார். அங்கிருந்து எந்தெந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்தார், யார் காசு தராமல் கத்தரிக்காய் கொண்டுவந்து தந்தது, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளில் பிள்ளைகளைப் பிடித்து வைக்கப் பட்ட பாடு, அவருடைய இரண்டாவது மகன் பிறந்த இரவு மாட்டுவண்டி வராமல் போனது, என்று பேச்சு ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆண்டின் இலக்கமும் வாயில் வரவில்லை. அகதி என்ற சொல்லும் வரவில்லை. என் முன்னே ஒரு தையற்காரி உட்கார்ந்திருந்தார்.

புத்தளம் திரும்பியதும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி உம்மாவின் கதையை எழுதத் தொடங்கினேன். மௌலவி அல்லவா, தபகாத் பாணியில் எழுதிவிடலாம் என்று பெருமையாக இருந்தது. முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். உம்மா கேட்டுவிட்டு, "என்ர கதை எண்டு சொல்லிப்போட்டு உங்கட வாப்பாட கடையில தொடங்கியிருக்கிறீங்கள் மகன்?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. தபகாத்தைப் புகழ்ந்த நானே கடையை முன்னால் வைத்திருந்தேன். தாளைக் கிழித்துவிட்டுத் தையல் மெசினில் தொடங்கினேன். வெளியேறிய நாளை எங்கே வைப்பது என்று கேட்டேன். "வைக்கத்தான் வேணும். ஆனா நடுவில வையுங்கோ" என்றார்.

இப்போது அந்தக் கொப்பி மூன்றாகிவிட்டது. உம்மா சொல்ல, மகள்தான் எழுதுகிறாள். இருவருக்கும் சண்டை வருவதும் உண்டு. "நீங்கள் போன கிழமை வேற மாதிரிச் சொன்னீங்கள் உம்மும்மா" என்று மகள் மடக்குவாள். போன நோன்புப் பெருநாளுக்கு வட்டக்கச்சியிலிருந்து தொலைபேசியில் வாழ்த்துச் சொன்ன அந்தச் சகோதரி, கொப்பி விஷயத்தைக் கேள்விப்பட்டு, "தம்பி, அதில நான் எத்தினையாம் பக்கத்தில வாறன்?" என்று கேட்டார். பக்கம் பதினொன்று என்றேன். வட்டிலப்பம் சரிவராத கதையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். உம்மா சம்மதிக்கவில்லை.