கட்டுப்படுத்திச் சோதனைகளில் தொடர்புடைய தரவு: அம்பத்தூர், ஆவடி எடுத்துக்காட்டு

வலைச் செயலியில் பயனரின் கோரிக்கையைப் பெற்று, உரிய பதிவுகளைத் திரட்டி விடையளிக்கும் பகுதி கட்டுப்படுத்தி ஆகும். அதனைச் சோதிக்க, ஒரு பதிவோடு அது சார்ந்திருக்கும் பதிவுகளும் வேண்டும். சொத்துவரிச் செயலி ஒன்றைக் கருதலாம். அதில் வீடு வார்டையும், வார்டு மண்டலத்தையும், மண்டலம் மாநகராட்சியையும் சார்ந்தவை. இல்லாத மண்டலத்தைச் சுட்டும் வார்டுப் பதிவை உறவுக் கட்டுப்பாடுடைய தரவுத்தளம் ஏற்காது. எனவே சோதனைத் தரவு மாநகராட்சியில் தொடங்கி வீடுவரை வரிசையாக உருவாக்கப்படல் வேண்டும்.

அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அண்டையிலுள்ள ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. சோதனைத் தரவில் அம்பத்தூர் வீடு மட்டும் இருப்பின், எல்லா வீடுகளின் வரியையும் சென்னைக் கணக்கிலேயே சேர்க்கும் பிழையான நிரலும் தேறிவிடும். ஆவடி வீடு ஒன்றையும் சேர்த்தால் அப்பிழை வெளிப்படும். ஆகவே, வெவ்வேறு மாநகராட்சிகளைச் சார்ந்த இரு வீடுகளேனும் சோதனைத் தரவில் இடம்பெறல் இன்றியமையாதது.