இலைக்குள் ஒளியும் பூ: மனோரஞ்சிதம்

மனோரஞ்சிதம் பூத்திருப்பதைக் கண் அறிவதற்கு முன்பே மூக்கு அறிந்துவிடும். அரும்பும்போதும் மலரும்போதும் பூ இலையின் பச்சை நிறத்திலேயே இருக்கும். அருகில் நின்று பார்த்தாலும் எளிதில் தென்படாது. முற்றி மஞ்சளாகும் வேளையில்தான் பழ வாசம் தோட்டமெங்கும் பரவும். பழைய வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்த இந்தச் செடி இன்று பலருக்குப் பெயரளவில்கூடத் தெரியாது.

இதன் தாவரவியல் பெயர் ஆர்டபோட்ரிஸ் ஹெக்ஸாபெட்டாலஸ். சீத்தாப்பழமும் நெட்டிலிங்கமும் சேர்ந்த அனோனேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். சீனா, தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் நெடுங்காலமாக வளர்க்கப்படுகிறது. வங்காளிகள் இதற்கு வைத்த பெயரின் பொருள் பலாச் சண்பகம். சீனர்கள் வைத்த பெயரின் பொருள் கழுகு நகம். முன்னது மணத்தைக் குறிக்கிறது, பின்னது கொக்கியை.

அந்தக் கொக்கிதான் இச்செடியின் தனித்தன்மை. பூவைத் தாங்கும் காம்பு தடித்து, வளைந்து, மரம்போல் இறுகிவிடும். அதைக் கொண்டே செடி பக்கத்துக் கிளைகளைப் பற்றி மேலேறும். பற்றுக்கோடு இல்லாவிட்டால் புதராக நிற்கும். கொக்கியின் வளைவிலிருந்து ஒன்றிரண்டு பூக்கள் தொங்கும். ஒவ்வொன்றிலும் தடித்த ஆறு இதழ்கள், மூன்று மூன்றாக இரு அடுக்கில் அமைந்திருக்கும். உள்ளடுக்கு இதழ்களின் அடிப்பகுதி குழிந்து, மகரந்தத் தாள்களைக் கூரைபோல் மூடிக்கொள்ளும்.

மனத்தில் எந்தப் பழத்தை நினைத்து முகர்ந்தாலும் அந்தப் பழத்தின் மணமே வரும் என்று சொல்வார்கள். பழங்களுக்கு வாசம் தரும் எஸ்தர் வகைச் சேர்மங்கள் இந்தப் பூவிலும் இருக்கின்றன. அதனால் அன்னாசி, வாழை, பலா என்று எதை நினைத்தாலும் மணம் ஓரளவு ஒத்துப்போகிறது. மீதியை மனம் நிரப்பிக்கொள்கிறது. மணத்துக்குப் பாம்பு வரும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இச்செடிக்கு மருத்துவ ஆய்விலும் இடமுண்டு. சீனாவில் மலேரியாக் காய்ச்சலுக்கு நாட்டு மருந்தாகப் பயன்பட்ட இதன் வேரிலிருந்து யிங்ஜாவோசு என்னும் சேர்மம் பிரிக்கப்பட்டது. 1979இல் அது அறிவிக்கப்பட்டது. இதை வீட்டு வைத்தியமாகக் கொள்ளக் கூடாது.

வளர்ப்பது கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். கொத்தாகக் காய்க்கும் பழங்கள் மஞ்சளாகப் பழுத்ததும் விதையெடுத்து, காயவிடாமல் உடனே விதைக்க வேண்டும். முளைக்க நாளாகும், பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். விரைவில் பூ வேண்டுவோர் மழைக்காலத்தில் பதியன் போடலாம். தாழ்ந்த கிளையின் பட்டையைச் சிறிது சீவி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து ஈரம் காத்தால் வேர் விடும். வேர் நன்றாகப் பிடித்த பிறகே தாய்ச்செடியிலிருந்து வெட்ட வேண்டும்.

நீர் தேங்காத மண் அவசியம். செம்மண்ணோடு மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, ஒன்றரை அடிக் குழியில் நடலாம். முழு வெயிலும் ஏற்கும், அரை நிழலும் ஏற்கும். வெயில் கூடினால் பூவும் கூடும். வேர் பிடிக்கும்வரை நீர் தவறக் கூடாது. பிறகு மேல்மண் காய்ந்ததும் ஊற்றினால் போதும். கொடியாக வேண்டுமானால் வலுவான பந்தல் தேவை. மாடியில் வளர்ப்போர் பெரிய தொட்டியில் நட்டு, நுனி கிள்ளிப் புதராக்கிக்கொள்ளலாம்.

கவாத்து செய்யும்போது கவனம் தேவை. பூக்கும் பருவம் முடிந்த பின்பே வெட்ட வேண்டும். கண்டபடி வெட்டினால் கொக்கிகள் போய்விடும். கொக்கி போனால் பூவும் போகும்.