அடைக்கலம் – 9: விடியல் இசைக்குப் பின்னால் ஓர் அகதி

சென்ற வாரம் டென்மார்க்கில் ஒதுங்கியிருந்து எழுதிய பிரெக்டைப் பார்த்தோம். ஹிட்லரிடமிருந்து தப்பிய ஜெர்மன் மொழிக்காரர்களில் சிலர் கிழக்கே, பம்பாய்த் துறைமுகத்திலும் வந்து இறங்கினார்கள். அவர்களில் இருவரைப் பற்றி இந்த வாரம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று இரையும் விடிகாலையில், டீக்கடை ரேடியோவில் ஆகாசவாணியின் தொடக்க இசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. தம்பூராவின் சுருதி, அதன்மேல் தனியாக எழும்பும் ஒரு வயலின். கேட்டால் நம் வீட்டு இசைபோலவே இருக்கும். அதை அமைத்தவராக அறியப்படும் வால்டர் காஃப்மன் ஒரு யூத அகதி. இன்று செக் நாட்டில் இருக்கும் கார்ல்ஸ்பாடில் 1907-ல் பிறந்தவர், தாய்மொழி ஜெர்மன்.

1934-ல் பம்பாய் வந்தார். அதற்கு முன்பே நம் இசைத்தட்டுகள் சிலவற்றைக் கேட்டிருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால், இதயமும் அறிவும் உள்ள மனிதர்கள் உருவாக்கி, கோடிக்கணக்கானோர் நேசிக்கும் இசை இது. அது எனக்குப் புரியவில்லை என்றால் குறை என்னிடம்தான் என்ற முடிவுக்கு வந்ததாகப் பின்னாளில் எழுதினார். ஐரோப்பாவே தலையில் கனம் ஏறிக் கிடந்த காலத்தில் ஒரு இளைஞனுக்கு வந்த எண்ணம் அது. அந்தப் பணிவுக்காகவே அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

பம்பாயில் மேற்கத்திய இசைக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். நடத்துநர் ஜூபின் மேத்தாவின் தந்தை மெஹ்லி மேத்தா அவரோடு வயலின் வாசித்தார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்தார். கூடவே நம் ராகங்களையும் விடாமல் படித்தார். பிறகு அமெரிக்காவில் பேராசிரியராகி, வட இந்திய ராகங்களைப் பற்றி 1968-லும் தென்னிந்திய ராகங்களைப் பற்றி 1976-லும் பெரிய நூல்கள் வெளியிட்டார். ஊரைவிட்டுத் துரத்தப்படாமல் இருந்திருந்தால் அந்த நூல்களுக்கு வழியே இருந்திருக்காது.

வில்லி ஹாஸின் கதை வேறு. பிராக் நகரத்துக்காரர், இளமையிலேயே காஃப்காவை அறிந்தவர். 1925-ல் பெர்லினில் அவர் தொடங்கிய இலக்கிய வார இதழில் வால்டர் பெஞ்சமின் எழுதினார். ஜெர்மன் இலக்கிய உலகமே எதிர்பார்த்துக் காத்திருந்த இதழ் அது. நாஜிகள் வந்ததும் அது கைவிட்டுப் போனது. 1939-ல் பம்பாய் வந்து, இயக்குநர் மோகன் பவ்னானிக்குத் திரைக்கதைகள் எழுதிப் பிழைத்தார். எழுதிய கதையை நடிகர்கள் பேசும்போது அவருக்கே அந்த மொழி தெரியாது. அவருடைய ஜெர்மன் வாக்கியத்தைப் படித்து ரசிக்கக்கூடியவர்கள் அந்த ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

பாரதி பத்தாண்டு புதுச்சேரியில் ஒதுங்கியிருந்தார். வறுமை, வேவு எல்லாம் இருந்தன. ஆனாலும் வாசலில் தமிழ் கேட்டது. குயில் பாட்டு பிறந்தது. ஹாஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இசைக்காரனுக்குப் புகலிடம் புது ஊற்றைத் திறந்தது. எழுத்துக்காரனுக்கு இருந்த ஊற்றும் அடைபட்டது. போர் முடிந்து ஜெர்மனி திரும்பிய பிறகுதான் ஹாஸ் முழு எழுத்தாளராக மீண்டார். காஃப்காவின் காதலி மிலேனா தன்னிடம் ஒப்படைத்திருந்த, காஃப்கா அவருக்கு எழுதிய கடிதங்களை 1952-ல் பதிப்பித்தார். நாஜி வதைமுகாமில் 1944-லேயே இறந்துவிட்ட மிலேனா அந்தப் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

அகதியின் திறமையை மெச்சி, அவனுக்குப் புகலிடம் வரமாய் அமைந்தது என்று எழுதிவிடுவது சுலபம். யாருக்கு வேலை கிடைத்தது, யாருடைய மொழிக்குக் காது கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். காஃப்மனுக்கு வானொலி ஒரு நாற்காலி கொடுத்தது. அதன் பலனைத் தலைமுறை தலைமுறையாக நாம் அனுபவிக்கிறோம்.

நம் மாவட்டத்திலேயே பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பேசுவது நம் தமிழ்தான். மொழிச் சுவர்கூட இல்லை. அங்கிருந்து ஒரு எழுத்தாளர், ஒரு இசைஞர் எழுந்து வருவதற்கு நம் பள்ளிகளும் நூலகங்களும் மேடைகளும் என்ன செய்திருக்கின்றன என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடைக்கலம் தருவது பாதி வேலை. அவர்கள் குரலுக்கு இடம் தருவதுதான் மீதி.

அடுத்த வாரம்: சாந்திநிகேதனில் தாகூரிடம் வந்து சேர்ந்த அலெக்ஸ் ஆரன்சன்.

(தொடரும்)