கடனும் ஊதியமும்: கணினிக் கல்வியை எடைபோடும் முறை

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன பயில விரும்புகிறீர்கள் என வினவினால், பலரும் கணினி அறிவியல் என்றே விடையிறுக்கின்றனர். அவ்விருப்பம் தவறன்று. ஆயின், தனியார் பொறியியற் கல்லூரியில் கடன்பெற்று அதனைப் பயில முனையும் குடும்பங்கள் பல, 'வேலை கிடைத்ததும் கடன் தானே அடைந்துவிடும்' என்னும் ஒற்றை நம்பிக்கையிலேயே கையொப்பமிட்டு விடுகின்றன. அந்நம்பிக்கையை எண்களால் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடன் வளரும் விதம்

இந்திய வங்கிகள் சங்கம் 2001ஆம் ஆண்டில் வகுத்த மாதிரித் திட்டமே நம் நாட்டு வங்கிகளின் கல்விக் கடனுக்கு அடிப்படையாகும். 4 இலட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு தேவையில்லை. ஆயினும் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. இதனை வட்டிச் சலுகை என மயங்குவோர் உளர். தவணைக்குத்தான் விடுமுறை; வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும்.

ஆண்டுத் தொடக்கந்தோறும் 1 இலட்சம் வீதம் நான்காண்டுகளில் 4 இலட்சம் பெற்றதாகவும், வட்டி 10 விழுக்காடு எனவும் கொள்வோம். இக்காலத்தில் தனிவட்டியே கணக்கிடப்படுகிறது. முதலாண்டுத் தொகைக்கு ஐந்தாண்டு வட்டியாக 50,000 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுத் தொகைகளுக்கு முறையே 40,000, 30,000, 20,000 ரூபாய். ஆக, வட்டி மட்டும் 1,40,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகிவிடுகிறது. பத்தாண்டுகளில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 7,140 ரூபாய். செலுத்தும் மொத்தம் 8,56,000க்கும் மேல். பதினைந்தாண்டுகளாக நீட்டினால் தவணை ஏறத்தாழ 5,800 ஆகக் குறையும். மொத்தமோ 10,44,000ஐத் தாண்டும்.

ஊதியத்தை அளக்கும் விதம்

கல்லூரி விளம்பரங்களில் நாம் காண்பது ஒரு சிலர் பெற்ற மிக உயர்ந்த ஊதியம். குடும்பம் கேட்டறிய வேண்டியதோ நடுத்தர மாணவர் பெற்ற ஊதியம். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் திரளாகச் சேர்க்கும் புதிய பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 3 முதல் 4 இலட்சம் வரை வழங்குவதே பல்லாண்டுகளாக வழக்கமாக உள்ளது. வருங்கால வைப்புநிதி முதலிய பிடித்தங்கள் போக மாதம் 24,000 ரூபாய் கைக்கு வருவதாகக் கொள்வோம். பெருநகரில் தங்குமிடம், உணவு, போக்குவரத்துக்கு 13,000 ரூபாய் செலவாயின் எஞ்சுவது 11,000. தவணை கட்டியபின் வீட்டிற்கு அனுப்ப 4,000 ரூபாய்கூட மிஞ்சாது.

இதுவும் உடனே வேலை கிடைத்தால்தான். 2001, 2008 ஆகிய ஆண்டுகளின் நெருக்கடிகளிலும், 2022க்குப் பின்னரும் மென்பொருள் நிறுவனங்கள் ஆளெடுப்பைக் குறைத்தன. நியமன ஆணை தாமதமாகலாம். தவணை நாள் தாமதமாவதில்லை. அப்போது அந்தச் சுமை இணைக் கடனாளியான தந்தை அல்லது தாயின் தோளில் இறங்குகிறது. படிப்பை இடையில் விட்டோர்க்கோ பட்டமில்லை. கடன் மட்டும் உண்டு.

மற்றொன்றையும் ஒப்பிட வேண்டும். கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டுகளில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ. பட்டமோ பெறலாம். கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஓராண்டு முன்னதாகவே ஊதியம் ஈட்டவும் இயலும். இப்பட்டதாரிகளைப் பணியில் சேர்த்து, பணியிலிருந்தபடியே எம்.டெக். பயிலவும் பொருளுதவி செய்யும் திட்டம் விப்ரோ நிறுவனத்தில் உண்டு. நற்பெயர் பெற்ற பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தோர்க்குக் கடன் பெறுவது தக்கதாகலாம். எனினும் அப்பட்டத்தின் பயனை அதன் முழு ஊதியத்தால் அளத்தல் கூடாது. குறைந்த செலவில் பயின்றிருந்தால் கிடைக்கக்கூடியதைவிட எவ்வளவு மிகுதி என்பதாலேயே அளத்தல் வேண்டும்.

சுமை குறைக்கும் வழிகள்

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்திற்கு உட்பட்ட தொழிற்கல்வி மாணவர்க்குத் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டில் தொடங்கப்பட்டது. இது கிடைத்தால், நம் கணக்கில் தவணை 5,290 ஆகவும், மொத்தம் ஏறத்தாழ 6,34,000 ஆகவும் குறைகிறது. விண்ணப்பிக்கும்போதே வங்கியில் இதனைக் கேட்டறிதல் வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தமிழக அரசு வழங்கும் கல்விக் கட்டணச் சலுகையையும் தவறவிடலாகாது.

உதவும் உள்ளம் படைத்த ஊர்ப் பெரியோர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒன்று கூற விரும்புகிறோம். நீங்கள் அளிக்கும் 1 இலட்சம் நான்காம் ஆண்டில் சென்று சேர்ந்தால் 1,20,000 ரூபாய்க் கடனைத் தவிர்க்கும். அதே தொகை முதலாண்டிலேயே சென்றால் 1,50,000 ரூபாய்க் கடனைத் தவிர்க்கும். தவணையும் ஏறத்தாழ 5,150 ஆகிவிடும். ஆகவே, சேர்க்கையின்போதே செய்யும் உதவி சிறந்தது.

கையொப்பமிடும் முன் மூன்று வினாக்களுக்கு விடை காண்க. தவணை தொடங்கும் நாளில் கடன் எவ்வளவு? அக்கல்லூரியின் நடுத்தர மாணவர் முதலாண்டில் கையிற் பெறும் ஊதியம் எவ்வளவு? ஓராண்டு வேலை கிட்டாவிடில் தவணையை யார் கட்டுவார்? முதல் ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கிற்குள் தவணை அடங்குமாயின் துணிந்து சேரலாம். அடங்காதெனில் கணினிக் கல்வியைக் கைவிட வேண்டியதில்லை. செலவு குறைந்த கல்லூரியைத் தேர்ந்து அதே துறையைப் பயில்வதே குடும்பத்திற்கு நலமாகும்.