36-வது தவணையிலும் சிலிர்க்குமா?

மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையத்தில் சோதனை ஓட்டத்திற்கென்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 10 அல்லது 15 நிமிடங்களே. அந்த வண்டிக்காக நாம் பெறும் கடனோ 36 மாதங்கள், சிலருக்கு 60 மாதங்கள் உடன் வருகிறது. ‘அட்வெஞ்சர் பைக்’ என்று இன்று இளைஞர்கள் ஆசையோடு பேசும் நெடும்பயண வண்டிகளின் விளம்பரங்கள் அனைத்தும் அந்த முதல் 15 நிமிடங்களை நோக்கியே எழுதப்படுகின்றன. பனிமலை, செம்மண் புழுதி, ஆற்றைக் கடக்கும் சக்கரம், கீழே குதிரைத்திறன் எத்தனை என்று பெரிய எழுத்தில் ஓர் எண். அந்த எண் தரும் சிலிர்ப்பு மூன்றாம் ஆண்டிலும் எஞ்சியிருக்குமா என்பதை விளம்பரம் சொல்வதில்லை. அது அதன் வேலையும் அன்று. தவணை செலுத்தப்போகிறவர்கள் நாம் என்பதால், அக்கேள்வியை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வகை வண்டிகளுக்கெல்லாம் மூத்ததாகக் கருதப்படுவது 1980-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ். காட்டுப்பாதைக்கும் சாலைக்கும் பொதுவான வண்டி என்பதே அப்பெயரிலுள்ள இரு ஜெர்மானிய எழுத்துகளின் பொருள். 1981-ஆம் ஆண்டின் பாரிஸ்–டாக்கர் பாலைவனப் பந்தயத்தில் யூபேர் ஒரியோல் வென்றது பி.எம்.டபிள்யூவின் இவ்வகை வண்டியில்தான். அந்த ஆர் 80 ஜி/எஸ்-இன் இன்ஜின் 800 சிசியை ஒட்டியது. திறன் 50 குதிரைத்திறன் மட்டுமே. இன்று நம் நாட்டில் 400 சிசியில் விற்கும் வண்டிகள் அந்த எண்ணைத் தொட்டுவிடும் தொலைவில் நிற்கின்றன. நம் நாட்டின் கதை சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. 2011-இல் ஹீரோ கொண்டுவந்த 150 சிசி ‘இம்பல்ஸ்’ போதிய வாங்குவோர் இன்றி மறைந்தது. 2016-இல் ராயல் என்ஃபீல்டின் ‘ஹிமாலயன்’ வந்த பிறகே இவ்வகை வண்டி நடுத்தரக் குடும்பங்களின் பேச்சில் இடம்பிடித்தது.

அந்த ஹிமாலயன் நமக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஒரே பெயரில், ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாக, முற்றிலும் வேறுபட்ட இயல்புடைய இரண்டு இன்ஜின்கள் அதில் வந்துள்ளன. 2016-இல் வந்தது 411 சிசி. காற்றாலும் எண்ணெயாலும் குளிர்விக்கப்படுவது. ஏறத்தாழ 24 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் இழுவிசை. மெக்கானிக்குகள் ‘டார்க்’ என்று சொல்வது இந்த இழுவிசையைத்தான். 2023 நவம்பரில் வந்த 452 சிசி இன்ஜின் நீரால் குளிர்விக்கப்படுவது. ஏறத்தாழ 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர். இவ்வெண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இழுவிசையில் கூடியது 8 நியூட்டன் மீட்டர், அதாவது 25 விழுக்காடு. குதிரைத்திறனிலோ 60 விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருக்கிறது. ஒரே கொள்ளளவை ஒட்டிய இரு இன்ஜின்களில் இது எப்படி நிகழ்ந்தது?

குதிரைத்திறன் என்பது இழுவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் வருவது. பழைய இன்ஜின் தன் முழுத் திறனை நிமிடத்திற்கு 6,500 சுழற்சியில் தந்தது. புதியது 8,000 சுழற்சியில் தருகிறது. பழையதில் பிஸ்டனின் குறுக்களவு 78 மி.மீ., அது ஏறி இறங்கும் தொலைவு 86 மி.மீ. புதியதில் குறுக்களவு 84, தொலைவு 81.5. பிஸ்டன் நெடுந்தொலைவு ஏறி இறங்கும் இன்ஜின் வேகமாகச் சுழல விரும்பாது. ஆனால் கீழ்ச் சுழற்சியிலேயே தன் பலத்தைக் காட்டிவிடும். பழைய ஹிமாலயனின் உச்ச இழுவிசை 4,000 சுழற்சியைத் தாண்டியவுடன் கிடைத்துவிட்டது. புதியதில் அதற்கு 5,500 வரை செல்ல வேண்டும். 2020-இல் இங்கு அறிமுகமான கே.டி.எம். 390 அட்வெஞ்சரில் உச்ச இழுவிசை 7,000 சுழற்சியிலும், உச்சத் திறன் 9,000 சுழற்சியிலும் வந்தன.

சுருங்கச் சொன்னால், புதிதாகக் கூடிய குதிரைகளில் பெரும்பாலானவை மேல்மாடியில் குடியிருக்கின்றன. நாம் அன்றாடம் எத்தனை முறை மேல்மாடிக்குப் போகிறோம் என்பதே கேள்வி.

அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் சிக்னலுக்கும் சிக்னலுக்கும் இடையே இன்ஜின் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 சுழற்சிக்குள்தான் உழலுகிறது. நெடுஞ்சாலைக்கு வந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. 2018-இல் மத்திய அரசு வகுத்த உச்ச வேக வரம்பின்படி நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மணிக்கு 80 கி.மீ.; நகராட்சிச் சாலைகளில் 60. மும்பை–புணே விரைவுச்சாலை போன்ற வழித்தடங்களில் இருசக்கர வண்டிக்கு நுழைவே இல்லை. ஆகவே 8,000 சுழற்சியின் கூச்சலைக் கேட்க வேண்டுமென்றால் தாழ்ந்த கியரில், சில நொடிகளுக்கு, வழி காலியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் கேட்க முடியும். சோதனை ஓட்டத்தில் நாம் செய்வதும் அதுவே. அந்தச் சில நொடிகள் மெய்சிலிர்க்க வைப்பவை என்பதில் ஐயமில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வியப்பினால் பிறக்கும் சிலிர்ப்புக்கும் அக்கணக்குப் பொருந்தும். கை ஒருமுறை பழகிவிட்டால், ஆக்ஸிலரேட்டரைத் திருகும் முன்பே வண்டி எப்படிப் பாயும் என்று உடல் அறிந்துகொள்கிறது. அறிந்த பாய்ச்சல் வியப்பு ஆகாது. நீண்டகாலம் இவ்வகை வண்டிகளை வைத்திருப்போரிடம் பேசும்போது நாம் திரும்பத் திரும்பக் கவனிப்பது இதுதான்: 5,000 கி.மீ. தாண்டியபின் உச்சத் திறனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கியரை மாற்றாமலே மேம்பாலம் ஏறியது, லாரியின் பின்னாலிருந்து தயங்காமல் விலகி முந்தியது, மணல் சரிந்த பாதையில் முதல் கியரில் நடைவேகத்தில் நின்றுவிடாமல் சென்றது என்பவையே பேச்சில் வருகின்றன. இவை வியப்பல்ல, சொன்னதைக் கேட்கும் இன்ஜினோடு கொண்ட உறவு. தினமும் உண்ணும் ரசம் திகட்டாததைப் போல இது திகட்டுவதில்லை.

இதனால் மேல்சுழற்சி இன்ஜின்கள் எல்லாம் விரைவில் சலித்துவிடும் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. மகாராஷ்டிரத்தின் தாம்ஹினி, மால்ஷேஜ் போன்ற மலைப்பாதைகளுக்கு அருகே வாழ்ந்து, வாரந்தோறும் விடியலில் அங்கு செல்பவருக்குக் கே.டி.எம். போன்ற துடிப்பான இன்ஜின் ஐந்தாம் ஆண்டிலும் புதிதாகவே இருக்கலாம். வளைவுக்கு வளைவு கியரைத் தாழ்த்தி, சுழற்சியை உயர்த்தி ஓட்டும் கலை எளிதில் முடிந்துவிடுவதன்று. ஆனால் ஆண்டில் 50 வாரம் நகர நெரிசலிலும் 2 வாரம் மலையிலும் ஓட்டுகிறவர், அந்த 2 வாரத்திற்காக இன்ஜினைத் தேர்ந்தெடுத்தால் எஞ்சிய 50 வாரத்தில் அது அவருக்குப் பதில் சொல்லும். உயர் அழுத்தத்தில் இயங்கும் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின், தாழ்ந்த சுழற்சியில் பெரிய கியரில் இழுக்கச் சொன்னால் தடதடக்கும். நெரிசலில் ரேடியேட்டர் விசிறி சுழன்று வெப்பத்தைக் காலின்மேல் வீசும். முதல் மாதத்தில் இதைப் பொறுத்துக்கொள்வோம். முப்பதாவது மாதத்தில் ஸ்கூட்டரின் சாவியைத் தேடுவோம்.

அந்த 2 வாரத்தைப் பற்றியும் ஒரு சொல். இவ்வகை வண்டி வாங்குகிறவர் கண்ணில் பெரும்பாலும் லடாக்கே நிற்கிறது. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில் ரோஹ்தாங் கணவாயை, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை தவிர்க்கச் செய்துவிட்டது. எனினும் பாரலாச்சா லா, தங்லாங் லா கணவாய்களை ஏறித்தான் ஆக வேண்டும். லேயிலிருந்து கர்துங் லா இன்னும் உயரம். கடல்மட்டத்திலிருந்து 5,300 மீட்டருக்கும் மேல். அங்குக் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. இன்ஜின் உறிஞ்சும் ஆக்சிஜனும் பாதியாகிறது, திறனும் அவ்வாறே. எரிபொருள் உட்செலுத்தும் மின்னணு அமைப்பு, காற்று குறைந்ததற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சீராக்கும். இல்லாத ஆக்சிஜனை அதனால் கொண்டுவர இயலாது. (முதல் ஹிமாலயன் கார்புரேட்டருடன் வந்தது. அதற்கு அந்தச் சீராக்கமும் இல்லை. உயரே செல்லச் செல்லப் பெட்ரோல் மிகுந்த கலவையால் மூச்சுத்திணறும்.) ஆகவே விளம்பரத்தில் கண்ட 40 குதிரைகளில் 20-ஐ ஒட்டியே கணவாயின் உச்சிக்கு வந்து சேரும். அங்கு நமக்குத் தேவைப்படுவது, கல் உருளும் பாதையில் இன்ஜின் அணையாமல் மெல்ல இழுக்கும் தன்மைதான்.

சிலிர்ப்பு குறைந்துவிட்டது என்று எண்ணும்போது, சலித்தது நாமா, தளர்ந்தது இன்ஜினா என்று பிரித்தறிய வேண்டும். பலர் இதைச் செய்யாமலே வண்டியை விற்கிறார்கள். இன்ஜின் ஒரே நாளில் மந்தமாவதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சிறிதாக மந்தமாவதால் ஓட்டுகிறவருக்குத் தெரிவதே இல்லை. புழுதி அடைத்த ஏர் ஃபில்டர், தளர்ந்தோ வறண்டோ போன செயின், தேய்ந்த ஸ்பார்க் பிளக், டேப்பெட் இடைவெளி மாறிய வால்வு, இறுகிய கிளட்ச் கேபிள் ஆகிய ஐந்தும் சேர்ந்தால் நல்ல இன்ஜினும் எருமைபோல் நகரும். செம்மண் பாதையில் ஒரு வார இறுதி ஓடிய வண்டியின் ஏர் ஃபில்டரை, கையேட்டில் குறித்த கிலோமீட்டர் வரும்வரை காத்திராமல் திறந்து பார்ப்பது நன்று. மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும் நல்லதன்று. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ‘லடாக்கிற்கு மட்டும்’ என்று போர்வை போர்த்திவைக்கும் வண்டி, பயண நாளில் முரண்டுபிடிக்க இதுவும் ஒரு காரணம்.

இனிப் பணக்கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடாக உயர்ந்தது. நாம் மேலே பேசிய இன்ஜின்கள் மூன்றும் கோட்டிற்கு அந்தப் பக்கம். 250 சிசி சுஸுகி வி-ஸ்ட்ரோம் எஸ்.எக்ஸ்., 200 சிசி ஹீரோ எக்ஸ்பல்ஸ் போன்றவை இந்தப் பக்கம். மேல்மாடிக்கு அரிதாகவே போகிறவர் இந்த வரி வேறுபாட்டைத் தம் பயணச் செலவாக எண்ணிப் பார்க்கலாம்.

கடனில் 2.5 லட்சம் ரூபாயை, எடுத்துக்காட்டுக்காக, ஆண்டுக்கு 10.5 விழுக்காடு வட்டியில் பெறுவதாகக் கொள்வோம். 36 மாதத்திற்கு மாதத் தவணை ஏறத்தாழ 8,130 ரூபாய். மொத்த வட்டி சுமார் 42,500. அதையே 60 மாதமாக நீட்டினால் தவணை 5,370 ஆகக் குறையும். வட்டி 72,000-ஐத் தாண்டும். இதில் பலர் கவனியாத இடம் ஒன்று உண்டு. 60 மாதக் கடனில் மூன்று ஆண்டு முடிந்த நாளில் இன்னும் ஏறத்தாழ 1.16 லட்சம் ரூபாய் அசல் நிலுவையில் இருக்கும். காப்பீட்டு விதியோ மூன்றாண்டு கடந்த வண்டியின் மதிப்பில் 40 விழுக்காட்டைத் தேய்மானமாகக் கழித்துவிடும். சலிப்பு பெரும்பாலும் வந்து சேரும் காலமும் அதுவே. அப்போது விற்க நினைத்தால், நிலுவையை அடைத்து, வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பை நீக்கிய பிறகே வண்டி முழுமையாகக் கைமாறும். சிலிர்ப்பின் ஆயுளை அறியாதவர் தவணைக் காலத்தையாவது குறுக்கிக்கொள்வது நலம் என்பது நம் கருத்து.

அந்த ஆயுளை முன்கூட்டியே ஓரளவு அறிய ஒரு வழி இருக்கிறது. புதிய வண்டியோடு நிறுத்திக்கொள்ளாமல், அதே மாடலில் 25,000 அல்லது 30,000 கி.மீ. ஓடிய பழைய வண்டி ஒன்றைத் தேடி ஓட்டிப் பாருங்கள். உறவினரிடமோ, அலுவலக நண்பரிடமோ, பழைய வண்டிச் சந்தையிலோ கிடைக்கும். காலைக் குளிரில் வேண்டாம். மாலை நெரிசலில், இன்ஜின் நன்கு சூடேறியபின் ஓட்டுங்கள். அரை மணி நேரமாவது ஓட்டினால்தான் கைப்பிடியில் அதிர்வு மரத்துப்போக வைக்கிறதா என்பது தெரியும். பின்னிருக்கையில் வீட்டாரை அமர்த்தி, மூன்றாம் கியரில், மணிக்கு 35 கி.மீ. வேகத்தில், மேம்பாலத்தின் ஏற்றத்தில் கியரை மாற்றாமல் ஆக்ஸிலரேட்டரைத் திருகுங்கள். பிறகு வண்டிக்காரரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: கடந்த மாதம் எத்தனை நாள் வேலை ஏதுமின்றி, சும்மா ஓட்டுவதற்காகவே இதை வெளியே எடுத்தீர்கள்?