காஸ்மிக் கதிர்களின் அன்றாட ஏற்றத்தாழ்வு

இரவு பகல் என்ற பேதமின்றி அண்டவெளியிலிருந்து பூமியின்மீது பொழியும் காஸ்மிக் கதிர்களின் உக்கிரம், சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் குறைந்தும், அவை அருகிய ஆண்டுகளில் மிகுந்தும், ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று சுற்றி வருகிறது. பெரு நாட்டின் ஹுவான்காயோ முதலிய நிலையங்களின் பதிவுகளைப் பல்லாண்டுகள் பொறுமையோடு ஆராய்ந்து இந்த உறவை 1954-ல் நிலைநாட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஸ்காட் ஃபார்புஷ். சூரியனிலிருந்து ஓயாது வீசும் மின்துகள் காற்று காந்தப்புலத்தையும் உடன் கொண்டு செல்கிறது. புள்ளிகள் மிகுந்த காலத்தில் அப்புலம் வலுத்துக் கலங்குவதால், ஆற்றல் குறைந்த கதிர்கள் உள்ளே வர இயலாமல் சிதறிப்போகின்றன. இக்கதிர்கள் வளிமண்டலத்தில் தோற்றுவிக்கும் நியூட்ரான்களை எண்ணும், துருவங்களை அடுத்த கருவிகளில் இவ்வீழ்ச்சி 15 சதவீதத்தையும் கடப்பதுண்டு.

ஆனால் ஒரே நாளுக்குள் நிகழும் ஏற்றத்தாழ்வே என் மனத்தை அதிகம் கவர்வது. சூரியனோடு சேர்ந்து சுழலும் காந்தப்புலத்தில் அகப்பட்ட கதிர்கள் பூமியைப் பின்புறமிருந்து முந்திச் செல்வதால், மாலை ஆறு மணிக்குரிய திசையிலிருந்து அவை சற்றே மிகுதியாக வருகின்றன. தன் அச்சில் சுழலும் பூமியின் ஒவ்வோர் இடமும் நாளுக்கொரு முறை அத்திசையை நோக்குகிறது; பூமியின் காந்தம் கதிர்களை வளைத்துவிடுவதால், நிலையங்களில் உச்சம் பெரும்பாலும் பிற்பகலிலேயே தென்படுகிறது.

இந்த ஏற்றமோ அரைச் சதவீதத்தை எட்டுவதே அரிது. ஆனால் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் உயர்ந்தாலே நியூட்ரான் எண்ணிக்கை சுமார் 0.7 சதவீதம் குறைந்துவிடும். உஷ்ணமண்டலத்திலோ அழுத்தம் நாள்தோறும் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம் தொட்டு இறங்குகிறது. ஆகவே பாரமானியின் கணக்கைக் கழித்த பிறகே சூரியனின் கைவண்ணம் வெளிப்படும் என்பதால், இத்துறையில் கருவியைக் காட்டிலும் திருத்தக் கணக்கின் நேர்மையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் நாட்டில் இப்பணியை மேற்கொண்டவர்கள் விக்ரம் சாராபாயும் அவருடைய மாணவர்களும். 1950-களில் ஆமதாபாத், கோடைக்கானல், திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் அவர்கள் கதிர்களின் தினசரி மாறுதலை ஆராய்ந்தனர். அந்த மாறுதலும் ஆண்டுக்காண்டு வேறுபடுகிறது: புள்ளிகள் மிகக் குறைந்திருந்த 1954-ஐ ஒட்டி உச்சநேரம் சில மணிகள் முன்னதாகவே வந்துவிட்டது. அத்தகைய பெயர்ச்சி 1976-ஐ ஒட்டியும் 1996-ஐ ஒட்டியும் மீண்டும் காணப்பட்டதே அன்றி, இடைப்பட்ட குறைவுக் காலங்களில் அவ்வளவாகக் காணப்படவில்லை. சூரியனின் துருவக் காந்தம் ஒவ்வொரு 11 ஆண்டிலும் தலைகீழாகி, மீண்டும் பழைய நிலையை அடைய 22 ஆண்டுகள் ஆவதே இதற்குக் காரணம்.