சாமி கும்பிடத்தான் வந்தோம்!

உஷ்... மெதுவாகப் பேசுங்கள். கம்பத்து இளையனார் சந்நிதி ஓரம் மயில்கழுத்துப் பட்டில் நிற்கிறாளே, அவள் சாமி கும்பிட வரவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தை இன்றுதான் கண்டுபிடித்தவன்போல் அண்ணாந்து நிற்கும் அந்தப் பையனும் அதற்காக வரவில்லை. இரண்டு குடும்பத்து ஆட்களும், "அட, நீங்களும் கோயிலுக்கா!" என்று வியந்துகொள்கிறார்கள். இந்த வியப்புக்கு நாலு நாளாக ஒத்திகை நடந்தது. எனக்குத் தெரியாதா? பெண்ணின் அத்தை நான்!

வாருங்கள், திரைக்குப் பின்னால் போகலாம். வாட்ஸ்அப்பில் ஜாதகம் வந்து, பொருத்தம் பார்த்தாயிற்று. நாள்? பௌர்ணமி கூடவே கூடாது; கிரிவலக் கூட்டத்தில் மாப்பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேட முடியாது. அஷ்டமி, நவமி, ராகு காலம் எல்லாம் கழித்தால் மிஞ்சியது ஒரு காலைப்பொழுது. இடம்? அண்ணாமலையார் கோயிலோ சுமார் 25 ஏக்கர். 217 அடி ராஜகோபுரத்தடியில் நின்றால் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள், கோபுரத்தைத்தான் பார்ப்பார்கள். அம்மன் சந்நிதியில் நெரிசல். கடைசியில் இளையனார்தான் இடம் கொடுத்தார். மூன்று பேராகக் கிளம்பக் கூடாதே என்று, நாலாவதாகப் பக்கத்து வீட்டு வாண்டையும் இழுத்து வந்தோம்.

பெண் பார்ப்பதை வீட்டில் வைத்தால் என்னவாம்? வீட்டுக்கு வந்து பஜ்ஜி, கேசரி சாப்பிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். கோயில் என்றால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. கேட்டால், "சாமி கும்பிட வந்தோம்!"

பதிலுக்கும் தனி அகராதி உண்டு. "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றால் முடிந்தது கதை. "பையனுக்கு இப்ப வேலை ஜாஸ்தி" என்றாலும் அதேதான். "எப்ப பூ வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டாலோ, நாங்கள் ஜவுளிக்கடைக்குக் கிளம்பலாம்! பூ வைத்து, அப்புறம் தாம்பூலம் மாற்றி, நிச்சயம். இத்தனையிலும் "என்னைக் கட்டிக்கிறியா?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, கவனித்தீர்களா?

மற்ற ஊர்களில் எப்படியாம்? ஃபிஜித் தீவுகளில் பெண் கேட்கப் போகிறவர்கள் திமிங்கலப் பல்லைக் கொண்டுபோய்ப் பெண்ணின் தகப்பனார் கையில் கொடுப்பார்கள். வேல்ஸ் நாட்டுப் பையன்கள் மரக்கரண்டி செதுக்கி நீட்டினார்கள். நம் சங்க காலத்துக் காதலன் அத்தனையையும் மிஞ்சியவன். பனைமட்டையில் குதிரை செய்து, அதில் ஏறித் தெருவில் வந்து மானத்தை வாங்குவேன் என்று மிரட்டுவான்! அதுதான் மடலேறுதல். "காலத்தோடு வரைந்துகொள்", அதாவது கட்டிக்கொள் என்று அவனை நெருக்குகிற வேலை தோழிக்கு. அப்போதும் நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இந்த ஊர்ச் சாமிக்கே அந்த ஆள் இல்லாமல் முடியவில்லையே! தை 2ஆம் நாள் திருவூடல் தெருவுக்கு வந்து பாருங்கள். பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் கும்பிடுவார், அம்மனைக் கண்டுகொள்ள மாட்டார். அவருக்கா காட்சி கொடுக்கப் போகிறீர்கள் என்று உண்ணாமுலை அம்மனுக்குக் கோபம். விடுவிடுவென்று கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அண்ணாமலையார் அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் மலையைச் சுற்றி வந்துதான் சமாதானம், அது மறுவூடல். இடையில் தூது போகிறவர் யார் தெரியுமா? சுந்தரமூர்த்தி நாயனார்! திருவாரூரில் பரவை நாச்சியார் கதவைச் சாத்தியபோது, சுந்தரருக்காகத் தூது நடந்தவர் சிவன். பழைய கடன், இங்கே அடைபடுகிறது!

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். பையன் வீட்டிலிருந்து பூப் பேச்சு வந்துவிட்டது. இனி இவள் சொல்ல வேண்டும். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மெல்ல நூல்விட்டுப் பார்த்தேன். பதிலே இல்லை. கோபுரத்தைப் பார்த்தாள், பூக்கடையைப் பார்த்தாள். ஆட்டோவில் ஏறியபிறகு, எங்கோ பார்த்தபடி கேட்டாள்:

"அத்தை, அவங்க வீட்ல காலையில காபியா, டீயா?"

நான் போனை எடுத்தேன். சுந்தரர் வேலை!